இறக்கினால்தான் தெரியும்: கியர்பாக்ஸ் பழுதுற்ற வண்டியின் உடையவர் மேற்கொள்ளும் நெறி குறித்த ஓர் அளவையியல் ஆய்வு

கியர்பாக்ஸ் என்பது எஞ்சினின் சுழற்சியைச் சாலைக்கு வேண்டிய வேகமாகவும் இழுவிசையாகவும் மாற்றித் தரும் பற்சக்கரங்கள் அடங்கிய, எண்ணெய் ஊற்றப்பட்ட ஓர் உலோகக் கூடாகும். அது நலமாக உள்ளவரை உடையவரால் நினைக்கப்படுவதே இல்லை. பழுதுற்ற அன்றோ, அதைச் சரிபார்ப்பதா வண்டியையே மாற்றுவதா என்னும் வினா வீட்டின் எல்லா அறைகளிலும் ஒரே நேரத்தில் எழுகிறது. முன்னை ஆய்வாளர்கள் இதனைப் பணக்கணக்காக மட்டுமே கண்டு இடர்ப்பட்டனர். இது அளவையியல் சிக்கல், அதாவது ஒரு பொருளை அறியும் வழிகளைப் பற்றிய சிக்கல், என நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம். ஆய்வெல்லை, 1983 டிசம்பரில் விற்பனைக்கு வந்து 2014 ஜனவரியில் உற்பத்தி நின்ற மாருதி 800 வண்டிக்கும், அதனைச் சென்னையில் இன்னும் விடாது ஓட்டிவரும் மரபினருக்கும் உரியது. ஆட்டோமேட்டிக் வண்டிகள் தனி நூலுக்கு உரியவை. அந்நூலை வாங்கவும் வங்கிக் கடன் வேண்டியிருக்கும்.

அறியும் வழிகள் காட்சி, கருதல், உரை என மூன்றாகக் கொள்ளப்படும். மூடிய கூட்டுக்குள் இருப்பதைக் கண் காணாதாகலின் காட்சி இங்கே உதவாது. கருதல் என்பது ஓசையைக் கொண்டு பழுதை உய்த்துணர்தல்: நியூட்ரலில் நிற்கும்போது உறுமும் வண்டி கிளட்சை மிதித்தவுடன் அடங்கினால் இன்புட் ஷாஃப்ட் பேரிங்கையும், மிதித்த பின்னரே ஓலமிட்டால் ரிலீஸ் பேரிங்கையும் ஐயுறலாம், கியர் விழும்போது 'கர்ர்' எனப் பல்லைக் கடித்தால், கோக்க வேண்டிய பற்சக்கரங்களின் வேகத்தை ஒன்றாக்கும் சிங்க்ரோனைசர் வளையம் தேய்ந்திருக்கக்கூடும். எஞ்சின் மட்டும் சீறி வண்டி வேகம் எடுக்காவிடில் குற்றவாளி பெரும்பாலும் கிளட்ச் தட்டே. அந்நிலையில் வண்டியை மாற்றப் புறப்படுவது செருப்பு கடித்ததற்காகக் காலை மாற்றுவதற்கு ஒப்பாகும். இத்துணைத் தெளிவான கருதல் அளவைக்கு உள்ள குறை ஒன்றே: வொர்க்‌ஷாப் வாசலை அடைந்ததும் ஓசை நின்றுவிடுகிறது.

எஞ்சியது உரை, அதாவது சான்றோர் வாய்மொழி. இத்துறையில் எல்லா மெக்கானிக்குகளாலும் ஒரே பாடமாக ஓதப்பட்டு வருவது 'பாக்ஸ எறக்குனாத்தான் சார் தெரியும்' என்னும் சூத்திரம். இதற்குப் பழைய உரைகாரர், தெரிவது மெக்கானிக்குக்கு மட்டுமே எனவும், நடுவே நிற்கும் 'சார்' என்னும் விளி அவ்வறிவில் பங்குபெறாது அதற்குப் பணம் செலுத்துபவரைச் சுட்டியது எனவும் பொருள் கொண்டார். அவரை மறுத்த ஜி.பி. சாலை உரைகாரர், இறக்கப்படுவது பாக்ஸ் அன்று, உடையவரின் எதிர்பார்ப்பே என்றார். இவ்விருவரையும் ஒருசேர மறுத்தவர், தம் பெயரை விடுத்துத் தம் ஸ்பேனரின் அளவை மட்டும் பொறித்துச் சென்ற மூன்றாமவர். எஞ்சின் ஆயில் காலண்டர் ஒன்றில் ஆடி மாதத் தாளின் பின்புறம், பஞ்சர் கடைக்காரர் ஒருவரின் மறுப்புரைக்கு எழுதிய மறுப்புரையில், சூத்திரத்தின் இறுதியில் 'னு நெனைக்கிறேன்' என்று ஒரு தொடர் இருந்ததாகவும் அது கிரீஸில் மறைந்துபோனதாகவும் அவர் வாதிடுகிறார். காலண்டரை நேரில் கண்டோர் எவருமிலர் என்பதால், அவர் கருத்தே இன்று அதிகம் மேற்கோள் காட்டப்படுகிறது.

சூத்திரத்தின் விளைவு கடுமையானது. பாக்ஸை இறக்கி ஏற்றும் கூலி, உள்ளே பழுது இருந்தாலும் இல்லாவிட்டாலும் தரப்பட வேண்டியதே. இறக்கிய பின் வண்டி தானாக நகராது ஆகையால், விற்க நினைப்பவர் அதனைத் தள்ளிக்கொண்டே விற்கச் செல்ல வேண்டும். எனவே முடிவெடுப்பதற்குத் தேவையான அறிவு, முடிவெடுக்க இயலாத நிலையை அடைந்த பின்னரே கிட்டுகிறது. பல்கலைக்கழகங்கள் இவ்விடரை எப்போதோ கடந்துவிட்டன. அங்கே எந்தப் பாக்ஸையும் இறக்காமலே முடிவுரை எழுதப்படுகிறது.

அடுத்து ஆராயத்தக்கது எஸ்டிமேட் எனப்படும் சுவடி. இது பெரும்பாலும் உதிரிபாக அட்டைப்பெட்டியின் கிழிந்த துண்டில், காதில் செருகியிருந்த பென்சிலால் எழுதப்படுவது. இதில் வரும் முதல் இலக்கம் மூன்றா எட்டா என்பது பதிப்பியல் வழக்கு: 3,500 என்பது உடையவர் கொள்ளும் பாடம், 8,500 என்பது மெக்கானிக் கொள்ளும் பாடம். இரு பாடங்களுள் ஏற்றுக்கொள்ளக் கடினமானதே மூலபாடம் என்னும் பதிப்பு நெறி, வியப்புக்குரிய வகையில், ஒவ்வொரு முறையும் மெக்கானிக்குக்கே துணைபுரிகிறது. 'இதர' என்னும் கடைசி வரிக்கு இதுவரை எவரும் உரை எழுதத் துணியவில்லை.

பழைய பாக்ஸை நீக்கிப் புதுப்பேட்டையில் கிடைக்கும் வேறொரு வண்டியின் பாக்ஸைப் பொருத்துவது இடைவழியாகும். இதில் வண்டி அதே வண்டியாக நீடிக்கிறதா என்னும் தத்துவ ஐயத்தை ஆர்.சி. புத்தகம் எளிதில் தீர்த்துவிடுகிறது: அதில் எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் உள, கியர்பாக்ஸுக்கு இடமே இல்லை. ஆகவே உடையவரின் உறக்கத்தைக் கெடுத்த அப்பொருள், அரசின் நோக்கில், இல்பொருளே.

பணக்கணக்கு மரபினர், பழுதுச் செலவு வண்டி மதிப்பில் பாதியைத் தாண்டினால் வண்டியை மாற்றுக என்பர். இவ்விதியின் முதல்நூலைத் தேடிச் சென்றோர், வழிநூல்கள் ஒன்றையொன்று மேற்கோள் காட்டி நிற்பதை மட்டுமே கண்டு, இதுவன்றோ புலமை மரபு என நிறைவடைந்து திரும்பினர். விதியின் குறை வேறு. காப்பீட்டுக்கான தேய்மான அட்டவணை ஐந்தாம் ஆண்டில் வண்டி மதிப்பைப் பாதியாக்கிவிட்டு, அதன் பின் உடையவரும் நிறுவனமும் பேசித் தீர்த்துக்கொள்க என ஒதுங்கிவிடுகிறது. இருபதாண்டு வண்டிக்கு மதிப்பு என்பதே ஒரு பேச்சுவார்த்தை. மேலும் பழுதுச் செலவை ஒப்பிட வேண்டியது பழைய வண்டியின் விலையோடு அன்று. புதிய வண்டியின் மாதத் தவணை, காப்பீடு, முதலாண்டிலேயே கரையும் விலை ஆகியவற்றின் கூட்டுத்தொகையோடே. மாற்றும் ஆசை கொண்டவர் இக்கூட்டுத்தொகையை மறப்பர். மாற்ற மனமில்லாதவர், பதினைந்தாண்டு கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்ததை மறப்பர். கணக்கு இரு சாராருக்கும் சரியாகவே வருகிறது. முடிவு முன்னரும் கணக்கு பின்னரும் பிறப்பதே அதன் காரணம்.

வண்டியை உள்ளபடியே மைத்துனருக்குக் கொடுத்துவிடுதல் என்னும் மூன்றாம் நெறியும் வழக்கில் உண்டு. அது பழுதுபார்த்தலின்பாற்படுமா மாற்றுதலின்பாற்படுமா என்பது குறித்துக் குடும்பங்களில் வழக்குகள் நிலுவையில் இருப்பதால், இங்கே ஆராயப்படவில்லை.