கால் வீட்டுக்காரன்

"சார், சொந்த வீடா?" என்று யார் கேட்டாலும், நாலு வருஷமாக நெஞ்சை நிமிர்த்தி "ஆமா" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். நெஞ்சு என்னுடையதுதான். வீட்டில்தான் சின்ன சிக்கல்.

என் லாஜிக்கைக் கேளுங்கள். வீடு அப்பா சம்பாதித்து வாங்கியது. உயில் எழுதாமல் போய்ச் சேர்ந்துவிட்டார். நான் ஒரே மகன். வீட்டு வரி, ஈ.பி. பில், மோட்டார் ரிப்பேர் எல்லாம் என் பாக்கெட். ரசீதுகளைக்கூட ஃபைல் போட்டு பீரோவில் பூட்டி வைத்திருந்தேன். அத்தனை ரசீதிலும் அப்பா பெயர்தான் இருந்தது.

சமையலறை மூலையில் மழைக்கு ஒழுகியது. மராமத்துக்கு லோன் கேட்டுப் போனேன். பேங்க் வக்கீல், "வாரிசுச் சான்றிதழ் எங்க?" என்றார். தாலுகா ஆபீஸுக்கு நடையாய் நடந்து வாங்கினேன். அப்பத்தா, அம்மா, நான், தங்கச்சி என்று நாலு பெயர். ரேஷன் கார்டு மாதிரி சும்மா வரிசையாகப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

வக்கீல் ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் பென்சிலால் 1/4 என்று எழுதினார். "1956-லேர்ந்து இதுதான் சார். இந்து வாரிசுரிமைச் சட்டம், எட்டாவது பிரிவு. சுயசம்பாத்தியம், உயில் இல்லைன்னா தாய், மனைவி, மகன், மகள் எல்லாருக்கும் சமபங்கு." சட்டம் நான் பிறக்கும் முன்பே வந்துவிட்டது. என்னிடம் வரத்தான் லேட்.

"தங்கச்சிக்குத்தான் நகை போட்டுக் கட்டிக்கொடுத்தாச்சே?" "நகை வேற, பங்கு வேற சார்." கேட்கும்போது குரலைத் தாழ்த்தித்தான் கேட்டேன். பதில் கவுன்டர் வரைக்கும் கேட்டது.

"அப்பாவோட ஃபிக்சட் டெபாசிட்டுக்கு நாமினி நான்தான்" என்று அடுத்த சீட்டை இறக்கினேன். நாமினி பணத்தை வாங்கலாம். ஆனால் அது வாரிசுகளுக்குச் சேர வேண்டியது, நாமினி கூரியர் பையன் மாதிரி என்றார். நான் பார்சலைப் பிரித்து பைக் வாங்கியிருந்தேன். கணக்குப்படி பின்சக்கரமும் ஹாரனும்தான் என்னுடையவை.

ஆறுதலுக்கு நண்பனிடம் போனேன். அவன் ஃபிளாட்காரன், விழுந்து விழுந்து சிரித்தான். பத்திரத்தை எடுக்கச் சொன்னேன். நிலத்தில் 'பிரிபடாத பாகம் 410 சதுர அடி' என்றிருந்தது. "எங்க, காட்டு" என்றேன். லிஃப்டைப் பார்த்தான், செப்டிக் டேங்க்கைப் பார்த்தான். சிரிப்பை நிறுத்திவிட்டான்.

வீட்டுக்கு வந்தால், திண்ணையில் அப்பத்தா வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தது. நாலு பேரும் கையெழுத்துப் போட்டால்தான் லோன். பவ்யமாக உட்கார்ந்து, "அப்பத்தா, இந்த வீட்டுல உனக்கும் கால் பங்கு இருக்காம்" என்றேன்.

உரலில் இருந்து உலக்கையை எடுக்காமலே, "அப்படியா ராசா? அப்ப அந்த ஒழுகுற மூலைய உன் பங்குல வச்சுக்க" என்றது.

அன்று ராத்திரி நல்ல மழை. என் பங்கில்.