நிராகரிக்கப்பட்ட படிவத்தின் மறுவருகை: ஓர் ஆய்வு

1. வரையறை

நிரப்பியவர் சரியென்றும் செர்வர் தவறென்றும் கருதும் ஆவணம் இணையப் படிவம் எனப்படும். இவ்விரு தரப்பாருக்கும் இடையே எழும் கருத்து வேற்றுமை சரிபார்ப்புப் பிழை ஆகும். கைபேசி எண்ணில் 9 இலக்கம் மட்டும் இட்டுச் 'சமர்ப்பி' பட்டனை அழுத்தி நிம்மதி அடைந்தவரை, சிவப்பு எழுத்துகளோடு அதே பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தும் முறைகளை இக்கட்டுரை ஆராய்கிறது.

2. மரபுகள்

திருப்பி அனுப்புவதில், இணையதளங்களை எழுத நிரலர் கையாளும் மூன்று ஃபிரேம்வொர்க்குகளின் (ஜாங்கோ, லாராவெல், ரெயில்ஸ்) மரபுகள் குறிப்பிடத்தக்கவை.

ஜாங்கோ மரபினர் பிழைபட்டவரை எங்கும் அனுப்புவதில்லை. வந்த இடத்திலேயே படிவத்தை மறுபடி வரைந்து, பிழைகளை அருகில் எழுதி, 200 என்னும் எச்டிடிபி நிலை எண்ணோடு நீட்டுவர். 200 என்பது 'எல்லாம் நலம்' என்பதன் குறியீடு. இம்மரபில் பக்கத்தை ரெஃப்ரெஷ் செய்தால், படிவத்தை மீண்டும் அனுப்பட்டுமா என்று பிரவுசர் கவலையுடன் வினவும்.

2011இல் தோன்றிய லாராவெல் மரபு, 'வேறிடம் செல்க' என்னும் 302 கொடுத்துப் பழைய பக்கத்துக்கே ரீடைரக்ட் செய்கிறது. பிழைகளும் இட்ட விவரங்களும் செஷனில், அதாவது பயனரைப் பற்றிச் செர்வர் வைத்திருக்கும் தற்காலிக நினைவில், பின்தொடரும். அவற்றின் ஆயுள் அடுத்த ஒரு கோரிக்கை வரை மட்டுமே. ஆகவே திரும்பி வந்தவர் ரெஃப்ரெஷ் செய்தால் சிவப்பு எழுத்துகள் மறைந்துவிடும். திருந்தாமலே மன்னிப்புப் பெற இம்மரபில் வழியுண்டு.

ரெயில்ஸ் மரபு 7ஆம் பதிப்பு முதல் (2021) கண்டிப்பானது. பிழையுள்ள படிவத்தை, 'இதை ஏற்க இயலாது' எனப் பொருள்படும் 422 என்னும் எண்ணோடுதான் திருப்பித்தர வேண்டும். பழைய பழக்கத்தில் 200 அனுப்பினால், ரெயில்ஸுடன் வரும் டர்போ என்னும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல் அப்பக்கத்தைக் காட்ட மறுக்கும். பயனர் பட்டனை அழுத்தியபடி இருப்பார்; திரையில் எதுவும் நிகழாது.

3. புலங்களின் பாகுபாடு

திரும்பி வரும் திறன் நோக்கப் படிவத்தின் புலங்கள் நால்வகைப்படும்.

மீள்வன: பெயர், முகவரி, மின்னஞ்சல். இட்டபடியே திரும்பும்.

மீட்கலாகாதன: பாஸ்வேர்டு. பாதுகாப்புக் கருதி லாராவெலும் ஜாங்கோவும் இதை இயல்பாகவே திருப்பித் தருவதில்லை. முகவரியில் பிழை செய்தவருக்கும் பாஸ்வேர்டை இருமுறை தட்டச்சு செய்யும் தண்டனை உண்டு.

மீட்க இயலாதன: இணைத்த கோப்புகள். பயனரின் கணினியிலுள்ள கோப்பை ஒரு பக்கம் தானே எடுத்துக் கோப்புப் புலத்தில் நிரப்பிக்கொள்ள எந்தப் பிரவுசரும் இடம்தராது. பாஸ்போர்ட் அளவுப் புகைப்படத்தை ஒவ்வொரு பிழைக்கும் ஒருமுறை தேடி எடுப்பதன் காரணம் இதுவே.

மறக்கப்படுவன: நிரலர் திருப்பித்தர மறந்தவை. நாட்டின் பெயரைத் தேர்ந்தெடுக்கும் பட்டியல் இதற்குச் சான்று. முன்பு தேர்ந்ததை மீட்காவிடில் ஆங்கில அகர வரிசையின் தொடக்கத்துக்கே அது போய் நிற்கும். கவனியாது இரண்டாம் முறை சமர்ப்பித்தவர் ஆப்கானிஸ்தான் வாசியாகப் பதிவாவார். டிக் பெட்டி இவ்வகையின் நுட்பமான உறுப்பு: டிக் செய்யாத பெட்டி செர்வருக்குச் செல்வதே இல்லை. எனவே பயனர் வேண்டுமென்றே எடுத்துவிட்ட டிக், நிரலரின் கவனக்குறைவால் திரும்பி வந்து உட்கார்ந்திருக்கும். விளம்பர மின்னஞ்சலுக்குச் சம்மதம் பெரும்பாலும் இவ்வாறு கிட்டுகிறது.

4. காலம் கடந்தோர்

பிழை செய்யவும் கால வரம்பு உண்டு. லாராவெலில் செஷனின் இயல்பான ஆயுள் 120 நிமிடம். ஆதார் அட்டையைத் தேடி எழுந்துபோய், சாப்பிட்டு, கண்ணயர்ந்து வந்து சமர்ப்பிப்பவருக்குப் பிழைப்பட்டியல் கிட்டாது. பக்கம் காலாவதி என்னும் 419 கிட்டும். அவர் தவறு செய்தாரா என்பதே ஆராயப்படுவதில்லை.

5. பிழையின்மை

பிழையின்றி ஏற்கப்பட்ட படிவத்தை மூன்று மரபுகளும் ஒரே விதமாக நடத்துகின்றன: பயனரை உடனே வேறு பக்கத்துக்கு ரீடைரக்ட் செய்துவிடும். அங்கேயே நிற்கவிட்டால் ரெஃப்ரெஷ் செய்து அதே கட்டணத்தை இருமுறை கட்டிவிடுவார் என்பதே காரணம். இதற்கெனவே 1997இன் எச்டிடிபி வரையறையில் 303 என்னும் எண் இடம்பெற்றது. எனினும் பலரும் இன்றுவரை 302 கொண்டே காலம் தள்ளுகின்றனர். சென்று சேரும் பக்கத்தில் 'நன்றி' என்றிருக்கும். அதில் நிரப்ப எதுவும் இல்லாமையால் ஆராயவும் எதுவும் இல்லை.