எவர்சில்வர் வண்டி: கண்டோர் கூற்று

ஆய்வுப் பொருளை முதலில் வரையறுத்துவிட வேண்டும் என்பது மரபு. நான்கு சக்கரம், மின்சார மோட்டார், பின்னால் சாமான் ஏற்ற ஒரு தொட்டி, வளைவு என்பதையே அறியாத உடம்பு, அந்த உடம்பின் மேல் பெயிண்ட் எதுவும் பூசாத எவர்சில்வர் தகடு: இத்தனையும் சேர்ந்த பிக்அப் வண்டிக்கு டெஸ்லா நிறுவனம் சைபர்டிரக் என்று பெயர் வைத்திருக்கிறது. 2019 நவம்பர் 21 அன்று கலிபோர்னியாவின் ஹாதோர்னில் அதை மேடையேற்றினார்கள். வாங்கியவர்கள் கைக்கு அது வரத் தொடங்கியது 2023 நவம்பர் 30-இல்தான். இடைப்பட்ட நான்கு ஆண்டும் வண்டி ஓடவில்லை. வண்டியைப் பற்றிய பேச்சு ஓடியது. இக்கட்டுரை ஆராய்வது அந்தப் பேச்சை. ஆய்வுக் களம், பேராக் மாநிலம், ஈப்போ, புந்தோங்.

புந்தோங் ஏன் என்று கேட்பவர் உண்டு. டெஸ்லா 2023 ஜூலையில் மலேசியாவில் கடை திறந்தது. மாடல் ஒய் வந்தது, மாடல் 3 வந்தது; சைபர்டிரக் விற்பனைப் பட்டியலில் ஏறவில்லை. அதன் ஸ்டீயரிங் இடப்பக்கம், நம் ஊர் ஸ்டீயரிங் வலப்பக்கம். ஆகவே புந்தோங்காரர் அதைப் பார்ப்பது கைப்பேசியில். அவர் வாங்கப் போவதில்லை, விற்கப் போவதில்லை. பக்கத்து வீட்டுக்காரர் வாங்கி இவர் வயிறெரிய வழியும் இல்லை. பற்று அற்ற இடத்தில்தான் தெளிந்த அறிவு பிறக்கும் என்று ஞானிகள் சொன்னார்கள் அல்லவா? வண்டி வடிவமைப்பு குறித்த அப்படிப்பட்ட அறிவு கலிபோர்னியாவில் கிடைக்காது. சுங்கை பாரி சாலை ஒட்டுக்கடையில், ஒரு தே தாரிக் விலைக்குக் கிடைக்கும்.

இன்னொரு தகுதியும் இந்த ஊருக்கு உண்டு. புந்தோங் சுமை ஏற்றிப் பிழைத்த ஊர். ஈப்போவின் பேர்போன தவுகே எனும் முளைப்பயறு வளர்வது இங்கே. கொழுத்த தண்டுக்குக் காரணம் சுண்ணாம்புப் பாறைத் தண்ணீர் என்பார்கள். கச்சான் பூத்தே எனும் கடலையும் முறுக்கும் வறுபட்டுப் பொட்டலமாகி நாடு முழுக்கப் போவதும் இங்கிருந்துதான். அந்தத் தொழிலைக் கொண்டுவந்த குடும்பங்கள் எட்டயபுரம் வட்டாரத்தைச் சேர்ந்தவை. பாரதி பிறந்த ஊர் மலாயாவுக்குக் கவிஞரை அனுப்பவில்லை, கடலையை அனுப்பியது. கடலைக்குத்தான் இங்கே கிராக்கி அதிகம்.

இனி ஆய்வு முறை. புதிய பொருளைக் கண்ட மனிதரிடம் பிடித்திருக்கிறதா, பிடிக்கவில்லையா என்று இரண்டு கட்டம் போட்டு நீட்டுவது மேலைநாட்டார் வழக்கம். தொல்காப்பியர் அவ்வளவு சிக்கனக்காரர் அல்லர். மெய்ப்பாட்டியலில் எட்டு உணர்ச்சி சொன்னார். ஒவ்வொன்றும் பிறக்க நான்கு நிலைக்களம் சொன்னார். ஆக முப்பத்திரண்டு. ஒரு பிக்அப் வண்டிக்கு முப்பத்திரண்டு போதும் என்றுதான் ஆய்வைத் தொடங்கும்போது தோன்றியது.

நகையிலிருந்து தொடங்குவதே முறை, ஏனென்றால் எல்லாரும் அங்கிருந்துதான் தொடங்கினார்கள். நகை பிறக்கும் களங்கள் எள்ளல், இளமை, பேதைமை, மடன். எள்ளலுக்கு அயல்நாட்டுச் சான்று ஒன்று போதும்: வண்டியைக் காட்டிய சில நாளிலேயே லெகோ நிறுவனத்தின் ஆஸ்திரேலியக் கிளை, ஒற்றை லெகோ கட்டைக்குச் சக்கரம் மாட்டிப் படம் வெளியிட்டு, இது உடையாத வண்டி என்று அறிவித்தது. இளமைக்குச் சான்று தேட வேண்டியதே இல்லை. ரூலரும் பென்சிலும் கையில் கிடைத்த எந்தத் தமிழ்ப்பள்ளி முதலாம் ஆண்டு மாணவனும் வரையும் கார் அதுதான்.

பேதைமைதான் விரிவான ஆய்வுக்கு உரியது. அன்றைய மேடையில் கதவைச் சுத்தியலால் அடித்தார்கள்; நசுங்கவில்லை. அந்தத் துணிச்சலில் தலைமை வடிவமைப்பாளர் ஃபிரான்ஸ் வான் ஹோல்ஸ்ஹாசன், உடையாத கண்ணாடி என்று சொல்லப்பட்ட ஜன்னல் மீது இரும்பு உருண்டை ஒன்றை எறிந்தார். கண்ணாடி சிலந்தி வலையாக வெடித்தது. பின் ஜன்னலிலும் எறிந்தார். அதுவும் வெடித்தது. கதவில் விழுந்த சுத்தியலடி கண்ணாடியின் அடிப்பாகத்தை முன்பே விரிசல் விட வைத்துவிட்டது என்று டெஸ்லாவின் தலைமை நிர்வாகி எலான் மஸ்க் பிற்பாடு விளக்கினார்.

இந்த விளக்கத்தைப் புந்தோங் ஏற்கவில்லை. அறிஞர் இங்கே இரு கட்சியாகப் பிரிவர். உருண்டை எறிந்தது திருஷ்டி கழிப்பே, ஆகவே கண்ணாடி உடைந்தது மங்கலம் என்பது ஒரு கட்சி. மற்றக் கட்சி சாத்திரம் அறிந்தது. புது வண்டியைக் கோயில் வாசலில் நிறுத்தி, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, பழத்தின் மேல் வண்டியை ஏற்ற வேண்டும். ஹாதோர்னில் வண்டியை நிறுத்திவைத்து அதன் மேல் பொருளை ஏற்றினார்கள். முறை தலைகீழானதால் கழிய வேண்டிய திருஷ்டி கண்ணாடிக்குள் இறங்கிவிட்டது என்பது இவர்கள் வாதம். ஆய்வாளருக்கு இரண்டாவதே ஏற்புடையது. பிற்கால நிகழ்ச்சிகளும் அதையே நிறுவும்: 2024 ஏப்ரலில் 3,878 வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள், ஆக்ஸிலரேட்டர் மிதியின் மூடி நழுவி மேலே சிக்கிக்கொள்ளும் என்பதால். மூடியைப் பொருத்தும்போது வழுக்கலுக்காக யாரோ சவர்க்காரம் தடவியதே காரணமாம். எலுமிச்சம்பழத்தில் பத்துக் காசு மிச்சம் பிடிக்கப் போய் வந்த வினை.

மடன் என்பது பிறர் சொன்னதைப் பிடித்துக்கொண்டு விடாமல் நிற்பது. இந்த வண்டியின் பக்தர்களை இங்கே அடக்குக.

வியப்பாகிய மருட்கைக்கும் இடம் உண்டு. நீளம் 5.68 மீட்டர், அகலம் கண்ணாடிகளை விட்டே 2 மீட்டருக்கு மேல், எடை ஏறக்குறைய 3 டன். மோட்டார் சைக்கிள் இரண்டு எதிரெதிரே வந்தால் ஒன்று நின்று வழிவிட வேண்டிய புந்தோங் சந்துகளில் இது நுழைந்தால் திரும்பாது. அந்த வீட்டுக்காரராகவே அங்கே தங்கிவிட வேண்டியதுதான். வளைவே இல்லாததற்கு மஸ்க் சொன்ன காரணம் சுவையானது. தகடு அவ்வளவு கெட்டி, அச்சில் வைத்து அழுத்தினால் அச்சு இயந்திரம் உடைந்துவிடும், ஆகவே நேர்க்கோட்டில் மடிக்க மட்டுமே முடியும் என்றார். செய்ய முடியாததை அழகு என்று அறிவிக்கும் இந்தத் துணிவைத் தொல்காப்பியர் பெருமிதத்தில் வைப்பாரோ என்னவோ. நான் வைப்பேன்.

அச்சத்துக்குத் தொல்காப்பியர் சொன்ன களங்கள் அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. கள்வர் பயம் ஹைலக்ஸ் பிக்அப் வைத்திருப்பவருக்கு. ராத்திரி நிறுத்திய ஹைலக்ஸ் விடியலில் இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. சைபர்டிரக்கைத் திருடியவன் எந்தப் பட்டறையில் ஒளித்து வைப்பான்? தம் இறை என்பதுதான் ரப்பர் தோட்டத்திலிருந்து வந்தவர்களுக்குப் புரியும். தோட்டத்தில் வண்டி இரண்டே வகை. ஆளையும் சாமானையும் ஏற்றும் லோரி ஒன்று. துரை வரும் லேண்ட்ரோவர் மற்றொன்று. முதலாவதன் சத்தம் கேட்டால் ஓடிப்போய் ஏற வேண்டும். இரண்டாவதன் சத்தம் கேட்டால் பீடியை மிதித்துவிட்டு வெட்டுமரத்தின் பக்கம் திரும்பி நிற்க வேண்டும். சத்தமே போடாத இந்த வண்டி எந்த வகை என்று முன்கூட்டித் தெரியாது. பழைய பால்மரக்காட்டு ஆள் ஒருவருக்கு இதைவிடப் பெரிய அச்சம் என்ன வேண்டும்?

வெகுளி அமெரிக்காவில் ஏராளம். 2025-இல் மஸ்க்கின் அரசியல் மீது வந்த கோபம் வண்டிகள் மீது திரும்பியது. டெஸ்லா கடைவாசலில் மறியல், சில இடங்களில் தீவைப்பு. புந்தோங்கில் வெகுளி தோன்றவில்லை. வாங்காத வண்டி மேல் கோபப்பட யாருக்கு நேரம் இருக்கிறது?

இவ்விடத்தில் ஆய்வின் நடு முடிச்சுக்கு வருகிறோம். இந்த வண்டியை மதிப்பிட உலகில் யாருக்கு முதல் உரிமை? பொறியாளருக்கு அன்று, வீட்டுப் பெண்களுக்கு. எவர்சில்வரை மூன்று தலைமுறையாகத் தேய்த்துக் கழுவி, அடுக்கி, சீர் கொடுத்து, சீர் வாங்கி, எடை பார்த்துப் பழகியவர்கள் அவர்கள். பெயிண்ட் இல்லாத வண்டியில் கைரேகை படிகிறது என்று அமெரிக்கர்கள் புலம்பினார்கள். 2024 தொடக்கத்தில் வண்டியில் செம்புள்ளி கண்ட உரிமையாளர்கள் துரு என்று பதறினார்கள். தகட்டின் மேல் வந்து படிந்த இரும்புத் துகள் துருப்பிடித்ததே அது, தகடு அல்ல என்று பதில் வந்தது. இரும்புக் கரண்டியை ஈரத்தோடு எவர்சில்வர் தட்டில் போட்டுவைத்தால் என்ன ஆகும் என்று தெரிந்த எந்த அக்காவும் இந்தப் பதிலை வண்டி தயாராகும் முன்பே சொல்லியிருப்பார். கூடவே தேங்காய் நாரையும் எடுத்துக் கொடுத்திருப்பார்.

அவர்கள் எழுப்பும் குறை வேறு. இவ்வளவு பெரிய எவர்சில்வர், ஓரிடத்திலாவது பெயர் வெட்டவில்லையே! குடத்தின் கழுத்திலும் தூக்குச்சட்டியின் மூடியிலும் பெயரும் தேதியும் வெட்டுவது ஆடம்பரத்துக்கு அல்ல. கல்யாண வீட்டுக்கு இரவல் போன பாத்திரம் திரும்பி வருவதற்கு. ஒரு லட்சம் டாலர் வரை விலைவைத்த பாத்திரத்தில் உரிமையாளர் பெயரோ, யார் நினைவாக யார் கொடுத்தது என்ற விவரமோ இல்லை. வடிவமைப்புத் துறையினர் இக்குறையை இதுவரை கவனித்ததாகத் தெரியவில்லை.

முன்மாதிரிகளையும் பார்த்துவிடலாம். எவர்சில்வர் உடம்போடு 1981-இல் வந்த டெலோரியன் கார் ஏறக்குறைய ஒன்பதாயிரம் வண்டிகளோடு நின்றுபோனது. அது சுமை ஏற்றவில்லை. சினிமாவில் மட்டும் ஓடியது. நம் நாட்டில் 1985-இல் புரோட்டோன் சாகா வந்தபின், தகடு மெலிசு என்று மைலோ டின் ஆக்கினார்கள், ஆக்கிக்கொண்டே வாங்கினார்கள். 1994-இல் 660 சிசி இன்ஜினோடு கஞ்சில் கார் வந்தபோது அதற்குள் மனிதர் உட்கார முடியுமா என்றார்கள். பிறகு குடும்பமே உட்கார்ந்து தீபாவளிக்கு ஊர் போனது. ரொட்டிப் பெட்டி போல நின்ற புரோட்டோன் ஜுவாரா 2001-இல் வந்து சில ஆண்டில் மறைந்தது. தமிழ்நாட்டில் 2005-இல் வந்த டாட்டா ஏஸ் அளவில் சின்னது, சுமப்பதில் பெரியது. அதற்குக் குட்டி யானை என்று செல்லப்பெயர் வைத்தார்கள். இவற்றிலிருந்து ஆய்வாளர் பெறும் விதி: முகத்தைப் பார்த்துச் சிரித்த சனம், முதுகில் சுமை ஏறியதும் சிரிப்பை நிறுத்திப் பெயர் சூட்டும்.

தொல்காப்பியத்தின் போதாமை இங்கே வெளிப்படுகிறது. வடநூல் மரபில் எட்டோடு ஒன்பதாவதாகச் சாந்தத்தைச் சேர்த்தோர் உண்டு. புந்தோங்கில் சாந்தம் கிடையாது. இங்கே ஒன்பதாவது மெய்ப்பாடு விலை வினாதல். சிரித்தவர், வியந்தவர், பயந்தவர் யாராயினும் கைப்பேசியைத் திருப்பிக் கொடுக்கும்போது கேட்பது ஒன்றே: எவ்வளவு? 2019-இல் 39,900 டாலர் என்றார்கள். 2023-இல் ஆகக் குறைந்த விலை 60,990 ஆனது. முதலில் கைக்கு வந்த வகைகளோ அதற்கும் மேல், பட்டியல் விலையே 79,990-இலிருந்து. நம் காசில் மூன்று லட்சம் வெள்ளிக்கு மேல், வரி சேர்க்காமல். இதைக் கேட்டதும் மற்ற எட்டு மெய்ப்பாடும் ஒருங்கே அடங்கிவிடுகின்றன. அமெரிக்காவிலும் அப்படித்தான் அடங்கியிருக்க வேண்டும். பத்து லட்சத்துக்கு மேற்பட்டோர் முன்பதிவு செய்ததாகச் செய்தி வந்தது. 2025 மார்ச்சில் பசை விட்டுத் தகட்டுப் பட்டை கழன்று விழுவதாக அதுவரை அங்கே விற்ற எல்லா வண்டிகளையும் திரும்ப அழைத்தபோது எண்ணிக்கை 46,096. 1877-லேயே கோலகங்சாரில் ரப்பர் நட்ட மாநிலத்தில் இருந்துகொண்டு அந்தப் பசையைப் பற்றி நான் வேறு பேசுவது நாகரிகம் ஆகாது.

பத்தாவது மெய்ப்பாடு ஒன்று உண்டு. அது வியாபாரிகளுக்கே உரியது. எவ்வளவு ஏற்றலாம்? நிறுவனம் சொல்லும் கணக்கு 1,134 கிலோ. அரைக் கிலோப் பொட்டலமாகக் கச்சான் பூத்தே 2,268. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தொட்டியின் பக்கச் சுவர் கூரையிலிருந்து சரிந்து இறங்குகிறது. பக்கத்தில் நின்று கையை நீட்டி மூட்டையைத் தூக்க முடியாது. பசார் மாலாம் எனும் இரவுச் சந்தையில் பின்பக்கமாக ஏறி இறங்கி யார் வியாபாரம் செய்வது? தைப்பூசத்துக்குப் புந்தோங்கிலிருந்து கல்லுமலைக் கோயிலுக்குப் போகும் காவடியை இதில் ஏற்றலாமா என்றால், தொட்டியின் மேல் மோட்டாரில் ஓடும் மூடியைத் திறந்துவைத்தால் ஏற்றலாம். வண்டியும் காவடியும் ஒன்றுபோல மினுங்குவதால் எது எதைச் சுமக்கிறது என்று பக்தர்களுக்குக் குழப்பம் வரும்.

ஆகவே புந்தோங் தீர்ப்பு: உலோகம் முதல்தரம், மடிப்பு சுமார், விலை அநியாயம், பக்கச் சுவர் தள்ளுபடி. பிக்அப் தேடும் வாசகர்கள் பழைய ஹைலக்ஸ் ஒன்றைப் பாருங்கள். வாங்கும் முன் குனிந்து அடித்தகட்டில் துரு இருக்கிறதா என்று தட்டிப் பாருங்கள். எலுமிச்சம்பழத்தை மறக்க வேண்டாம்.