ஒருதரம்... ரெண்டுதரம்... குல்தீப் யாதவ்!

தேங்காய் வாங்க வரும் வியாபாரியிடம் காய்க்கு ஐம்பது காசு ஏற்றிக் கேட்டு அரை நாள் நிற்கக்கூடிய மனிதர்கள் எங்கள் உடுமலைப்பேட்டையில் உண்டு. பி.ஏ.பி. பாசன வாய்க்கால் தண்ணீர் தன் மடையில் எத்தனை மணிக்கு ஏறியது, எத்தனை மணிக்கு அடைத்தார்கள் என்று நிமிடக் கணக்காகச் சொல்வார்கள். கல்யாணத்துக்குக் கிளம்பும் முன் பழைய மொய் நோட்டை எடுத்து, அவர்கள் நமக்கு வைத்தது எவ்வளவு என்று பார்த்துவிட்டுத்தான் கவர் வாங்கவே போவார்கள். அப்பேர்ப்பட்ட ஊரில், ஐபிஎல் சமயத்தில் ஏழு மணிக்கு டாஸ் போட்டதும், தளி ரோட்டுப் பேக்கரியில் இருக்கிற அத்தனை பேரும் ஒரே நேரத்தில் போனை எடுத்து, பெயரைக்கூட முழுதாக உச்சரிக்க வராத ஓர் ஆஸ்திரேலியனை நம்பி ஃபேன்டஸி கிரிக்கெட் ஆப்பில் 49 ரூபாய் கட்டினார்கள். பேரம் கிடையாது. "நாப்பத்தஞ்சுக்கு ஆகாதுங்களா?" என்று கேட்கக்கூட ஆள் இல்லாத வியாபாரம் அது.

தெரியாதவர்களுக்காக ஆட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு அணியிலும் இறங்குகிற 22 பேரிலிருந்து நாம் 11 பேரைப் பொறுக்க வேண்டும். கையில் 100 கிரெடிட். பெரிய ஆளுக்கு விலை அதிகம் என்பதால் எல்லாப் பெரிய ஆட்களையும் அள்ளிவிட முடியாது. ரன்னுக்கு ஒரு புள்ளி, விக்கெட்டுக்கு 25, கேட்சுக்கு 8. பேட்ஸ்மேன் முட்டை போட்டால் இரண்டு கழியும். கேப்டன் எடுப்பதெல்லாம் இரட்டை, வைஸ் கேப்டனுக்கு ஒன்றரை மடங்கு. ஆக, சூட்சுமம் எல்லாம் கேப்டனிடம் இருக்கிறது. அங்கேதான் எங்கள் ஆட்களின் கணக்குப் புத்தி லீவு எடுத்துக்கொள்ளும்.

எனக்கு மச்சான் முறையாகும் ஒருவர் கறிக்கோழிப் பண்ணை வைத்திருக்கிறார். கம்பெனிக் குஞ்சு, கம்பெனித் தீவனம், வளர்ப்புக் கூலி இவருக்கு. ஒரு கிலோ கறி ஏற எத்தனை கிலோ தீவனம் போயிற்று என்பதைத் தசம புள்ளிக்கு அப்புறம் இரண்டு இலக்கம் வரை தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். ஆனால் கேப்டன் என்றால் தோனி. சேப்பாக்கமோ குவஹாட்டியோ, தோனி.

"ஏன் மச்சா, கடைசி ரெண்டு ஓவருக்கு வர்ற ஆளக் கேப்டனாப் போட்டா எப்படி?"

"வர்றாரல்ல?"

2025 மார்ச் 28-ஆம் தேதி சேப்பாக்கத்தில் பெங்களூருவுக்கு எதிராகத் தோனி ஒன்பதாவது ஆளாக இறங்கினார். 16 பந்தில் 30 ரன், அவுட் இல்லை. அணி 50 ரன்னில் தோற்றது. மச்சானுடைய ரேங்க் லட்சங்களில் எங்கேயோ போய்விட்டது. அவரோ கடைசி ஓவரில் பறந்த சிக்சர்களைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டு, அந்த 49 ரூபாயை டிக்கெட் காசாக வரவு வைத்துக்கொண்டார்.

ஸ்பின்னிங் மில் சூப்பர்வைசர் ஒருவர் இருக்கிறார். அவருக்கு நடராஜன். "நம்ம பக்கத்துப் பையனுங்க" என்பார். நடராஜனின் ஊரான சின்னப்பம்பட்டி எங்களுக்குப் பக்கமா என்று கேட்டால் கோபம் வரும். டெல்லி அணி நடராஜனை 10.75 கோடிக்கு எடுத்திருந்தது. சூப்பர்வைசர் இரண்டாம் ஷிஃப்டுக்குக் கிளம்பும் முன் மத்தியானமே டீம் போட்டுவிடுவார். டாஸ் நேரத்தில் அவர் மில்லுக்குள், போன் லாக்கருக்குள். நடராஜன் அந்த சீசனில் களமிறங்கியதோ இரண்டே ஆட்டம். மில்லிலிருந்து ராத்திரி வெளியே வந்து போனைத் திறக்கும்போது சூப்பர்வைசர் பத்துப் பேரை வைத்து ஆடியிருப்பார்.

இன்சூரன்ஸ் அண்ணன் கதை வேறு. அவர் சகுனம் பார்ப்பவர். ராகு காலம் பகலோடு முடிந்துவிடுவதால் டாஸ் நேரத்துக்குத் தொந்தரவில்லை என்று முதலில் நிம்மதியாக இருந்தார். பிறகு பேக்கரி டியூப் லைட் ஓரம் ஒரு பல்லி குடிவந்தது. அது கத்துகிற திசையைப் பார்த்து வைஸ் கேப்டனை மாற்றுவார். பல்லி சொன்ன டீம் ஒரு தடவை 600 ரூபாய் ஜெயித்தது. அன்றிலிருந்து பேக்கரிக்காரருக்கு ஒட்டடை அடிக்கவே அனுமதியில்லை.

ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார்தான் எங்கள் கூட்டத்தில் உருப்படியாக ஒன்று சொன்னவர். பேக்கரி பில்லின் பின்பக்கம் எழுதிக் காட்டினார். 22 பேரில் 11 பேரைப் பொறுக்க 7,05,432 வழி. ஒவ்வொரு பதினொன்றிலும் கேப்டன், வைஸ் கேப்டன் ஜோடியை 110 விதமாகப் போடலாம். பெருக்கினால் 7 கோடியே 75 லட்சத்துச் சொச்சம். இத்தனை கீப்பர், இத்தனை பவுலர் என்ற விதிகள் கொஞ்சம் கழிக்கும். "அத்தனையும் போட்டுட்டா ஒண்ணு நிச்சயமா முதல் பரிசு அடிக்குமுங்க" என்றார். மச்சான் ஆர்வமாகி எவ்வளவு ஆகும் என்றார். வாத்தியார் பெருக்கினார்: டீமுக்கு 49 வீதம் 380 கோடி. முதல் பரிசு ஒரு கோடியோ இரண்டு கோடியோ. கூட்டம் அமைதியாக டீயைக் குடித்தது.

இப்போது கைமுதலுக்கு வருகிறேன். டீம் பொறுக்குவதில் உள்ளதைவிடப் பெரிய வித்தை, எவ்வளவு பணத்தை எங்கே போடுவது என்பதில் இருக்கிறது. ஜான் கெல்லி என்ற பெல் ஆய்வுக்கூடத்துக்காரர் 1956-லேயே இதற்கொரு சூத்திரம் எழுதினார். நமக்கு எதிராளியைவிட எவ்வளவு சாதகம் இருக்கிறதோ அந்த அளவுக்குத்தான் கைமுதலில் ஒரு பங்கைப் போட வேண்டும் என்பது அதன் சாரம். சாதகம் இல்லையென்றால் விடை பூஜ்யம். ஆப் நடத்திய கம்பெனி தன் பங்கை முதலில் எடுத்துக்கொண்டு மிச்சத்தைத்தான் பரிசாகப் பிரித்தது. 2023 ஏப்ரலிலிருந்து ஜெயித்த லாபத்தில் 30 சதவீதம் வரி. அதே வருடம் அக்டோபரில் கட்டுகிற பணத்துக்கு 28 சதவீதம் ஜி.எஸ்.டி. வந்தது. இவ்வளவையும் தாண்டி நிற்கிற சாதகத்தை டியூப் லைட் பல்லியால் கொடுக்க முடியுமா?

கெல்லி பெயரைக் கேள்விப்படாமலேயே அந்தச் சூத்திரத்தைப் போட்டவர் இன்சூரன்ஸ் அண்ணனின் மனைவி. அவர்கள் வீட்டு மாதக் காலண்டரில் பால்காரர் வராத நாளுக்குப் பென்சிலில் ஒரு சுழி இருக்கும். ஒரு மாதம் அந்தச் சுழிகளுக்குக் கீழே தினமும் 49, 98, 147 என்று சிவப்பு மையில் எண்கள் முளைத்திருந்தன. அண்ணனின் போனுக்கு வருகிற பேங்க் மெசேஜைப் பார்த்து எழுதியது.

"ஏனுங்க, ஜெயிச்சது அறநூறுன்னீங்கல்ல. போட்டது எவ்வளவுங்க?"

"அது... மொத்தமாப் பாக்கோணும்."

"நான் பாத்துட்டனுங்க. பால் பாக்கியவிட ஜாஸ்தி."

அண்ணன் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. பல்லியும் சொல்லவில்லை.

இந்தத் தொழிலில் பெரிய பெயர் ட்ரீம்11. 2008-ல் மும்பையில் தொடங்கியது. தோனியை விளம்பரத்துக்குப் பிடித்தது, 2020-ல் 222 கோடி கொடுத்து ஐபிஎல் தலைப்பையே வாங்கியது, பிறகு இந்திய அணியின் சட்டையில் ஏறியது. இது திறமை விளையாட்டா சூதாட்டமா என்ற வழக்குகள் ஒரு பக்கம் நடந்தன. தமிழ்நாட்டில் 2025 பிப்ரவரியில், பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளுக்கு நள்ளிரவு 12 முதல் அதிகாலை 5 மணி வரை தடை வந்தது. எங்கள் ஆட்களை அது தொடவே இல்லை. அவர்கள் பதினொன்றரைக்கே தோற்று முடித்துவிடுவார்கள். தொட்டது ஆகஸ்டில் வந்த மத்திய அரசுச் சட்டம். 20-ஆம் தேதி மக்களவை, 21 மாநிலங்களவை, 22 குடியரசுத் தலைவர் ஒப்புதல். பணம் கட்டும் போட்டிகள் அன்றோடு நின்றன. நடத்துகிறவருக்கு மூன்று வருடம் வரை சிறை, ஒரு கோடி வரை அபராதம். ஆடுகிறவருக்குத் தண்டனை இல்லை. அடுத்த மாதம் ஆசியக் கோப்பைக்குப் போன இந்திய அணியின் சட்டையில் ஸ்பான்சர் பெயரே இல்லை. பேக்கரியிலும் அதே வெறுமை. டாஸ் போட்டார்கள். யாரும் போனை எடுக்கவில்லை. கையை என்ன செய்வது என்று தெரியாமல் ஆளுக்கு ஒரு தேங்காய் பன் அதிகமாகத் தின்றார்கள்.

அங்கேதான் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் அக்கா ஒரு வழி சொன்னார். அக்கா ஏலச்சீட்டு நடத்துபவர். "காசு வெக்காம ஏலம் போடுங்க. நான் கூவறேன்."

இது ஏதோ உடுமலைக் கண்டுபிடிப்பு என்று நாங்கள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தோம். பிறகுதான் தெரிந்தது, மூலமே இப்படித்தானாம். 1962-ல் அமெரிக்கக் கால்பந்துக்கு, அதாவது கையில் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற அந்தக் கால்பந்துக்கு, ஓக்லண்ட் அணியின் பங்குதாரர் ஒருவரும் நண்பர்களும் காகிதத்தில் இதை ஆரம்பித்தார்கள். 1980-ல் டேனியல் ஓக்ரென்ட் என்ற பத்திரிகைக்காரரும் நண்பர்களும் பேஸ்பாலுக்கு வீரர்களை ஏலம் எடுத்து ஆடினார்கள். நியூயார்க்கில் அவர்கள் கூடிச் சாப்பிட்ட உணவகத்தின் பெயரையே அந்த ஆட்டத்துக்கு வைத்துவிட்டார்கள். இதன் முக்கிய விதி, ஒருவர் எடுத்த வீரர் இன்னொருவருக்குக் கிடையாது. ஆப்பில் அப்படி இல்லை. அங்கே ஒரே கோலியை ஒரு கோடிப் பேர் வைத்துக்கொள்ளலாம்.

ஏலச்சீட்டு தெரிந்தவனுக்கு இந்த ஆட்டத்தைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. சீட்டில் முதல் மாதமே எடுக்கிறவர் அவசரக்காரர், ஏகத்துக்கும் தள்ளித்தான் எடுப்பார். பொறுத்திருக்கிறவருக்கு அந்தத் தள்ளுபடி வந்து சேரும். வீரர் ஏலத்திலும் முதல் பத்துப் பெயருக்குக் கூட்டம் வெறிகொண்டு கேட்கும். அப்போது நாம் தலையைச் சொறிந்துகொண்டு இருக்க வேண்டும். நம் முறை வரும்போது, நமக்கு வேண்டாத பெரிய பெயரைச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் பை அதில் காலியாகும். ஒரே ஆளுக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது. பேட்டும் பிடித்துப் பந்தும் போடுகிறவனுக்கு இரண்டு பக்கமும் வரவு உண்டு என்பதை மறக்கக்கூடாது.

ஆசியக் கோப்பைக்கு ஆறு பேர் உட்கார்ந்தோம், ஆளுக்கு 100 புள்ளி. சர்வதேச ஆட்டத்தில் தோனி இல்லை என்ற துக்கத்தில் மச்சான் நேராக சூர்யகுமார் யாதவுக்கு 46 வைத்தார். அக்கா "ஒருதரம்" என்று சொல்லி முடிப்பதற்குள் தன் விலையைத் தானே 48 ஆக்கிக்கொண்டார். நான் பும்ரா பெயரை எடுத்துவிட்டேன். எனக்கு வேண்டாம், ஆனால் வேண்டும்போல முகத்தை வைத்துக்கொண்டேன். வாத்தியாரும் சூப்பர்வைசரும் முட்டிக்கொண்டு 40-ல் வந்து நின்றார்கள். சூப்பர்வைசர் ஜெயித்தார், பை இளைத்தது. கூட்டத்தில் இன்னொருவனான கூரியர் தம்பி பாகிஸ்தானின் சயீம் அயூபைப் பேட்ஸ்மேன் என்று எடுத்தான். கடைசியில் ஓமன், ஹாங்காங் பெயர்களை எல்லோரும் ஆளுக்கொரு புள்ளிக்குக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தார்கள்.

அதற்குச் சற்று முன்புதான் அக்கா குல்தீப் யாதவ் பெயரைக் கூவினார். அந்தக் கோடையில் இங்கிலாந்து போய் ஐந்து டெஸ்டிலும் உட்கார்ந்தே இருந்துவிட்டு வந்தவர். "பெஞ்சு தேய்ச்ச ஆளு" என்றார் மச்சான். கேட்க நினைத்தாலும் அவரிடம் அதற்குப் புள்ளி இல்லை என்பது வேறு விஷயம். ஒருதரம், ரெண்டுதரம், ஆறு புள்ளிக்கு எனக்கு.

குல்தீப் அந்தத் தொடரில் 17 விக்கெட் எடுத்தார். இறுதியாட்டத்தில் மட்டும் நான்கு. விக்கெட்டில் மட்டும் 425 புள்ளி. அபிஷேக் சர்மாவின் 314 ரன்னே அதற்கு அடுத்துத்தான். ஒன்பது புள்ளிக்கு வாத்தியார் எடுத்த இலங்கையின் பதும் நிசங்கா 261 ரன் அடித்தார். சயீம் அயூப் நான்கு தடவை முட்டை போட்டார். ஒவ்வொரு முட்டைக்கும் பேக்கரியில் கைதட்டல். ஆனால் அந்த மனிதர் பந்து வீசி எட்டு விக்கெட் எடுத்துவிட, கூரியர் தம்பி நோட்டில் பொட்டாட்ட இரண்டாம் இடத்துக்கு வந்துவிட்டான். 48 புள்ளி சூர்யகுமார், கோப்பையை வென்ற கேப்டன், தொடர் முழுக்க 72 ரன். மச்சான் ஆறாவது. கடைசி ஆள் எல்லோருக்கும் பப்ஸ் வாங்கித் தர வேண்டும் என்பது விதி. "வெஜ் பப்ஸா, முட்டை பப்ஸா?" என்று அக்கா கேட்டபோது அவர் சயீம் அயூபைத்தான் முதலில் திட்டினார்.

முதலிடத்துக்குப் பரிசு ஒன்றும் கிடையாது. அந்த பப்ஸ்தான். வரி பிடித்தம் இல்லை. சீட்டுக்குக் கமிஷன் எடுக்கிற அக்கா இதற்கு எடுப்பதில்லை, டீ போணியானால் போதும் என்கிறார். இன்சூரன்ஸ் அண்ணன் வீட்டுக் காலண்டரில் மறுபடி பால் சுழி மட்டும்தான். பல்லி இன்னும் இருக்கிறது. அதற்கு ஏல உரிமை இல்லை என்று பேசி முடிவாகிவிட்டது.

அடுத்த ஏலத்துக்கு இன்னும் இரண்டு இடம் இருக்கிறது. உடுமலைப் பக்கம் வருகிறவர்கள் பேனாவோடு வரலாம், போன் வேண்டியதில்லை. பும்ராவுக்கு இந்தத் தடவை 50 வரை போவேன் என்று இப்போதே சொல்லிவைக்கிறேன். முந்திக்கொள்ளுங்கள்.