அடிக்கு ஒரு நூல்

போன மாதம் கோவையில் புதுமை பற்றி ஒரு கருத்தரங்கு. ஏசி குளிரில் பச்சைத் தேநீர் கொடுத்து உட்கார வைத்தார்கள். ஆலோசகர் ஒருவர் திரையில் வட்டம் வட்டமாகப் போட்டு, அம்புக்குறிகளால் இணைத்து, "இதுதான் ஈகோசிஸ்டம்" என்றார். எனக்கோ அது எங்கள் பழைய தெருவாகத் தெரிந்தது.

1978. கணபதியில் தகரக் கூரைக்கு அடியில் அப்பாவின் லேத் பட்டறை. பக்கத்தில் வார்ப்புக்கு மர மாதிரி செய்யும் பேட்டர்ன் ஆசாரி, எதிரே பவுண்டரி, நாலு வீடு தள்ளி மோட்டார் காயில் கட்டுகிறவர், முக்கில் பெயிண்டர். தெருவின் ஒரு கோடியில் மரக்கட்டையாக நுழைந்தது மறு கோடியில் பம்பாக டெம்போ ஏறும். பெரிய கம்பெனிக்காரர் பில்லுக்குப் பணம் தர மூன்று மாதம் இழுப்பார் என்பதும் அந்த ஈகோசிஸ்டத்தில் அடக்கம். ஆலோசகர் அதற்கு வட்டம் போடவில்லை.

'புதுமை' என்ற சொல்லை அங்கே யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. மஞ்சப்பையில் உடைந்த சாமான் ஒன்றைக் கொண்டுவந்து, "இதே மாதிரி வேணுங்" என்பார்கள். அப்பா திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "வெச்சுட்டுப் போங்க" என்பார். சுண்ணாம்புக் கட்டியால் தரையில் வரைவதுதான் டிராயிங். பேட்டர்ன் தெரியும், பேட்டண்ட் தெரியாது.

ஆசாரியிடம் அவரே செய்த ஒரு மர ஸ்கேல் இருந்தது. பள்ளியில் ஜியாமெட்ரிக்கு அதை எடுத்துப் போனேன். எல்லா அளவும் தப்பு. வாத்தியாரிடம் உள்ளங்கையில் இரண்டு அடி. அழுதுகொண்டு வந்தவனைப் பார்த்து ஆசாரி சிரித்தார். "இரும்பு ஆறுனா சுருங்கும் கண்ணு. ஸ்கேல்ல அடிக்கு ஒரு நூல் அளவு கூட வெச்சாத்தான் சரியா வரும்." பட்டறையை மூடியபோது அதை எனக்கே கொடுத்துவிட்டார்.

இப்படிப்பட்ட தெருக்கள் கோவையில் முளைத்ததற்கு ஒரு கதை உண்டு. 1932-ல் பைக்காரா மின்சாரம் வந்தது. மில் பெருகியது, மில்லுக்கு ரிப்பேர் பட்டறை பெருகியது, கிணற்றுக்கு மோட்டார் வேண்டியிருந்தது. 1937-ல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரமும் மோட்டார் செய்தார்கள். 1955-ல் சபாபதி என்பவர் ஆட்டுக்கல்லுக்கு மோட்டாரைப் பூட்டினார். அந்த கிரைண்டருக்கு இப்போது புவிசார் குறியீடு இருக்கிறது. 2022-ல் அதன் ஜிஎஸ்டியை 5-லிருந்து 18 சதவீதமாக்கி இன்னொரு மரியாதையும் செய்தார்கள்.

கருத்தரங்கு முடிந்ததும் டிரோன் செய்யும் பையன் ஒருவன் வந்தான். கையில் முப்பரிமாண அச்சில் எடுத்த பிளாஸ்டிக் துண்டு. "அங்கிள், இதை அலுமினியத்துல ஒண்ணே ஒண்ணு செஞ்சு தர ஆள் இருக்காங்களா? ஆன்லைன்ல நூறுக்குக் கம்மியா எடுக்க மாட்டேங்கறாங்க."

உற்சாகமாகப் பழைய தெருவுக்குக் கூட்டிப் போனேன். பட்டறை இருந்த இடத்தில் அடுக்குமாடி. வாட்ச்மேன் எந்த பிளாட் என்று கேட்டார். கடைசிவரை தாக்குப்பிடித்த பவுண்டரியும், துணி காயப்போட்டால் கரி படிகிறது என்று குடியிருப்பவர்கள் மனுப் போட்டதில் ஊருக்கு வெளியே போய்விட்டதாம்.

வெறுங்கையோடு அனுப்ப மனமில்லாமல் வீட்டுக்கு அழைத்து வந்து ஆசாரியின் ஸ்கேலைக் கொடுத்தேன். பையன் பையிலிருந்து டிஜிட்டல் காலிப்பரை எடுத்து, கோட்டுக்குக் கோடு வைத்து அளந்தான்.

"அங்கிள், இது தப்பா இருக்கு."