மஞ்சள் கல் மகாத்மியம்

கொல்லிமலையின் எடப்புளி நாட்டுக்காரர்களுக்கு ரயிலை எதிர்க்கும் கொடுப்பினை இல்லை. காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறி எந்த ரயில் மேலே வரும்? கீழே நாமக்கல்லுக்கே 2013இல்தான் வந்தது.

அந்த யோகம் கேரளத்தாருக்கு. திருவனந்தபுரத்திலிருந்து காசர்கோடு, 529 கிலோமீட்டர், நான்கே மணி நேரம், செலவு 63,941 கோடி ரூபாய் என்று வந்தது ‘சில்வர்லைன்’ ரயில் திட்டம். வழியில் யார் வீடு என்பதுதான் பாக்கி. அதையும் பார்க்க அதிகாரிகள் முற்றத்தில் மஞ்சள் கல் நட்டார்கள். வெறும் சர்வேதானாம், நிலமெடுப்பு இல்லையாம். பெண் பார்க்க வந்தவர்கள் கையோடு தாலியும் கொண்டுவந்த கதை.

ஊரார் கல்லைப் பிடுங்கிக் குளத்தில் போட்டார்கள். (மீன்களுக்குள் எல்லைத் தகராறு வந்திருக்கும்.) 2022 மார்ச்சில் மாடப்பள்ளியில் போலீஸ் பெண்களைத் தரதரவென்று இழுத்துப் பார்த்தது, அப்போதும் கல் நிற்கவில்லை. மே மாதம் அரசுக்கு ஞானோதயம்: கல் வேண்டாம், ஜிபிஎஸ் போதும். செயற்கைக்கோளைப் பிடுங்க முடியாதல்லவா! நவம்பரில் நிலமெடுப்பு ஊழியர்களைத் திருப்பி அழைத்துக்கொண்டார்கள். திட்டத்தைக் கைவிட்டதாக அர்த்தமில்லை, மத்திய அரசின் ஒப்புதல் வரவேண்டும் என்றார்கள் அப்போது.