அமில அன்பர்

முகப்பருவைத் தாமே தீர்த்துக்கொள்ளப் புறப்பட்டு, பரு தீர்வதற்கு முன்பே வேதியியலில் கரைகண்டுவிடும் ஒரு வகையினர் சென்னை, கோவை, திருச்சி முதலிய நகரங்களில் அண்மைக் காலமாகப் பெருகிவருகின்றனர். வசதி கருதி இவ்வகையினரை அமில அன்பர் என்று அழைக்கலாம். ஆணாயினும் பெண்ணாயினும் இவ்வன்பர் பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் தேர்வைத் தட்டுத்தடுமாறித் தாண்டியவராகவே பெரும்பாலும் இருப்பார் என்றாலும், இன்று மருந்துக்கடையில் ஃபேஸ்வாஷ் ஒன்றை எடுத்துக்கொடுத்தால் விலையைக் கேட்பதற்கு முன் அதன் பி.எச். அளவைக் கேட்பார். பி.எச். என்பது ஒரு திரவம் எவ்வளவு அமிலமானது என்பதைக் காட்டும் எண். 7 நடுநிலை, அதற்குக் கீழே இறங்க இறங்க அமிலம் கூடும், தோலின் மேற்பரப்பு ஏறத்தாழ 5-இல் நிற்கும். “அதெல்லாம் தெரியாது தம்பி, நல்லா நுரை வரும்” என்று கடைக்காரர் சொல்லும்போது அன்பர் முகத்தில் தோன்றும் இரக்கம், பேராசிரியர்களிடம்கூடக் காணக் கிடைக்காதது.

இவரை அடையாளம் காண முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை, வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தால் போதும். இட்லி மாவுப் பாத்திரத்துக்கும் கொத்தமல்லிக் கட்டுக்கும் நடுவே, சொட்டுமூடி பொருத்திய 30 மில்லி புட்டிகள் வரிசையாக நிற்கும். அவற்றுள் மூத்தது சாலிசிலிக் அமிலம். எண்ணெயில் கரையும் இயல்பு உடையதாகையால், எண்ணெய் அடைத்த மயிர்க்குழிக்குள் நுழைந்து அடைப்பைத் தளர்த்தவல்லது, பருவுக்கு அது உண்மையாகவே ஏற்றது. அடுத்தது கரும்பிலும் காணப்படும் கிளைகாலிக் அமிலம். இக்குடும்பத்திலேயே மிகச் சிறிய மூலக்கூறு ஆதலால் விரைந்து உள்ளே புகும், விரைந்து எரிச்சலையும் தரும். பாலிலிருந்து பெயர் பெற்ற லாக்டிக் அமிலமும், கசப்பு வாதுமையோடு தொடர்புடைய மாண்டலிக் அமிலமும் ஓரளவு சாந்தமானவை. அந்தச் சாந்தத்தின் காரணமாகவே அன்பரின் மதிப்பை இழந்து பின்வரிசைக்குத் தள்ளப்பட்டவை.

தோலின் மேலடுக்கைச் செங்கல் சுவராகக் கொண்டால், இறந்த செல்கள் செங்கற்கள், அவற்றுக்கு இடையே உள்ள கொழுப்புப் பொருள்கள் சாந்து. அமிலம் செய்வதெல்லாம் உதிரவேண்டிய மேல்வரிசைக் கற்களின் பிடியைத் தளர்த்துவதே. இஃது இவ்வன்பர் கண்டுபிடித்ததன்று: ஹாம்பர்க் நகரத் தோல் மருத்துவர் பால் உன்னா 1882-லேயே சாலிசிலிக் அமிலம் தோலை உரிக்கும் விதத்தை விவரித்தார்; கிளைகாலிக் அமிலத்தை உள்ளடக்கிய வகை, மீன்செதில் போலத் தோல் வெடிக்கும் நோய்க்குப் பயன்படும் என்பதை அமெரிக்காவில் வான் ஸ்காட், யூ என்னும் இருவர் 1974-இல் எழுதினர். மேல்தோல் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள ஏறக்குறைய 4 வாரம் எடுக்கும், ஆகவே எந்த அமிலத்தின் பலனையும் ஒன்றிரண்டு மாதம் கழித்தே மதிப்பிட முடியும் என்பதும் பழைய செய்திதான். அன்பரோ வியாழன் இரவு தடவியதன் பலனை ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்தத்துக்குள் எதிர்பார்க்கிறார்.

அவருடைய கணக்கு எளிமையானது: 2 சதவீதம் நல்லது, 10 சதவீதம் மேலும் நல்லது, இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசினால் 12 சதவீத நன்மை. இந்த வழியே மேலேறி, ரத்தச் சிவப்பில் இருக்கும் 30 சதவீத உரிகரைசலை அவர் அடையும் நாள் வரும். 10 நிமிடத்துக்கு மேல் முகத்தில் வைக்கலாகாது என்று அட்டையிலேயே அச்சிட்டிருக்கும் அதைப் பூசிக்கொண்டு அவர் அமர்ந்திருக்கும் வேளையில்தான் சிலிண்டர் போடுபவர் அழைப்புமணியை அடிப்பார். கதவைத் திறந்த முகத்தைக் கண்டு அவர் ஆம்புலன்சுக்குச் சொல்லவா என்று கேட்க, ஓ.டி.பி. எண்ணைத் தேடி, சில்லறையைத் தேடி, காலி சிலிண்டரை உருட்டிக் கொடுத்து முடிப்பதற்குள் 10 நிமிடம் 20 ஆகியிருக்கும்.

அதன்பின் வருவதற்கும் அன்பரிடம் விளக்கம் உண்டு. எரிந்தால், மருந்து வேலை செய்கிறது. உரிந்தால், நன்றாக வேலை செய்கிறது. புதிதாகப் பரு கிளம்பினால், உள்ளிருந்த அழுக்கு வெளியேறுகிறது. மாய்ஸ்சுரைசரும், ஒரு கட்டத்தில் வெறும் தண்ணீரும்கூட எரிச்சல் தருமானால் சுவரின் சாந்து கரைந்துவிட்டது என்று பொருள், அப்போது செய்யத்தக்கது நிறுத்துவது ஒன்றே. அன்பர் அந்த எரிச்சலை ஆற்றுவதற்கென்று இன்னொரு சீரம் வாங்குகிறார். பழுப்பு நிறத் தோலில் ஒவ்வோர் அழற்சியும் கரும்புள்ளியாகத் தங்கிவிடும் இயல்பு உண்டாகையால், பருவால் வந்த கரும்புள்ளியைப் போக்கப் பூசிய அமிலமே அதைவிடப் பெரிய கரும்புள்ளியை வரைந்துவைப்பதும் உண்டு. கிளைகாலிக், லாக்டிக் வகையினவற்றைப் பூசும் காலத்தில் தோல் வெயிலைத் தாங்காது என்பதால் சன்ஸ்கிரீன் கட்டாயம். அதைப் பூசினால் முகம் வெளுத்துத் திட்டுத்திட்டாகத் தெரிகிறது என்று விட்டுவிட்டு, நண்பகலில் ஸ்கூட்டரில் போகிறவரும் இவரே.

வீட்டில் இவருக்கு எதிர்க்கட்சி உண்டு. “காசைக் கொட்டி அதைத் தடவுறதுக்கு, தயிரைத் தடவுடி கண்ணு” என்று பாட்டி சொல்லும்போது, “அய்யோ பாட்டி, உனக்கு ஒண்ணும் தெரியாது” என்று பேத்தி சிரிக்கிறாள். தயிரைப் புளிக்கவைப்பது லாக்டிக் அமிலம் என்பதும், அவள் கையிலிருக்கும் 600 ரூபாய்ப் புட்டியில் இருப்பதும் அதுவே என்பதும் அந்த நேரத்தில் இருவருக்குமே நினைவுக்கு வருவதில்லை. பாட்டியும் முற்றிலும் சரியானவர் அல்லர் என்பதையும் சொல்லியாக வேண்டும்: தயிரோடு நிறுத்தாமல் அவர் பிழிந்து தரும் எலுமிச்சைச் சாற்றின் பி.எச். ஏறத்தாழ 2 ஆகையால், பேத்தியின் புட்டிகளில் பெரும்பாலானவை அமிலத்தன்மையில் அதை எட்டா.

கடைசியில், முகம் தக்காளி நிறம் அடைந்தபின், அன்பர் தோல் மருத்துவரிடம் போகிறார். புட்டிகளின் பட்டியலைப் பொறுமையாகக் கேட்ட மருத்துவர், சில வாரங்களுக்கு எல்லாவற்றையும் நிறுத்தி, மென்மையான ஃபேஸ்வாஷ், வாசனையற்ற மாய்ஸ்சுரைசர், சன்ஸ்கிரீன் ஆகிய மூன்றோடு இருக்குமாறும், தோல் ஆறியபின் ஒரே ஓர் அமிலத்தை வாரம் இரண்டு இரவு மட்டும் தொடங்கலாம் என்றும் எழுதித்தருகிறார். சதவீதமே இல்லாத அந்தச் சீட்டைக் கண்ட அன்பருக்கு மருத்துவரின் படிப்பைப் பற்றியே ஐயம் எழுகிறது.

இத்தனைக்கும் இவர் தனியாக உருவானவர் அல்லர். கல்யாண மண்டபத்தில் நலம் விசாரிப்பதற்கும் முன்னதாக, “என்னம்மா, மூஞ்சியெல்லாம் இப்படி ஆயிடுச்சு?” என்று பத்துப் பேர் காதில் விழக் கேட்கும் அத்தைமார்களும் சித்தப்பாக்களும் இவருடைய உருவாக்கத்தில் பெரும்பங்கு வகிக்கின்றனர். உறவினர்கள் அடுத்த முகூர்த்தத்தில் அக்கேள்வியைத் தவிர்த்து, சாப்பிட்டாயா என்று மட்டும் விசாரிக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.